ஒத்திக்கு இருக்கும் வீட்டையே வாங்கலாமா?

கேள்வி: மதுரையில் 8 லட்சம் ரூபாய் ஒத்திக்கு நான்கு வருடமாகக் குடியிருக்கிறோம். வீட்டுக்காரர் 42 லட்சத்துக்கு எங்களுக்கே தருவதாகச் சொல்கிறார். ஒத்திப் பணத்தைக் கழித்துக்கொள்வாராம். மாதம் 15,000 வீதம் மூன்று வருடம் கட்டி, மீதிக்கு லோன் போட்டுக் கிரயம் முடிக்கலாம் என்கிறார். நம்பி இறங்கலாமா?

பதில்: இறங்கலாம். ஆனால் முதல் மாதப் பணம் கைமாறும் முன் கிரய ஒப்பந்தம் பதிவாகியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் இந்தப் பதிவு கட்டாயம். பதிந்தால்தான், சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றில் ஏறும். இன்னொருவர் வீட்டை வாங்க வந்தால் உங்கள் பெயர் கண்ணில் படும்.

எனக்குப் பெரிய கவலை அந்த 15,000 ரூபாய்தான். ஒத்தி வீட்டுக்கு வாடகை கிடையாது. நாளைக்குப் பிரச்சினை வந்தால், "ஒத்திக் கெடு முடிந்து வாடகைக்கு மாறிக்கொண்டார்கள், அந்த வாடகைதான் இது" என்று அவர் ஒரே வரியில் சொல்லிவிடலாம். 36 மாதத்தில் 5.4 லட்சம் அப்படியே கரைந்துவிடும். அதனால் மாதத் தொகை கிரய முன்பணம், வாடகை அல்ல என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வங்கி வழியாக மட்டும் அனுப்புங்கள்; ஒவ்வொரு முறையும் குறிப்பில் 'வீட்டுக் கிரய அட்வான்ஸ்' என்று போடுங்கள். கிரய முன்பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமும் தடுக்கிறது.

8 லட்சம் என்றைக்கு, எப்படிக் கொடுத்தீர்கள் என்பதும் அதே ஒப்பந்தத்தில் வர வேண்டும். ஒத்தியை வெறும் நோட்டரி பேப்பரில் எழுதியிருந்தால் இது இன்னும் முக்கியம், அது வில்லங்கத்தில் வராது. 42 லட்சம் என்ற விலையையும், கிரயம் முடிக்க வேண்டிய தேதியையும் எண்ணிலும் எழுத்திலும் போடுங்கள். அவர் பின்வாங்கினால் வழக்குப் போட அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடம்தான் அவகாசம்.

அப்புறம், தாய்ப் பத்திரத்தின், அதாவது சொத்து இவருக்கு எப்படி வந்தது என்று காட்டும் மூலப் பத்திரத்தின், ஒரிஜினலைக் கையில் வாங்கிப் பாருங்கள். கலர் ஜெராக்ஸ் வேண்டாம். ஒரிஜினல் இல்லை என்றால் அது அடமானத்தில் இருக்கலாம். பூர்வீகச் சொத்து என்றால் பங்காளிகள், சகோதரிகள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும்.

மீதி 28.6 லட்சத்துக்கு வங்கியை நம்பியிருக்கிறீர்கள். பத்திர நகலையும் கட்டட வரைபட அனுமதியையும் இப்போதே அந்த வங்கியில் கொடுத்து, இந்த வீட்டுக்கு லோன் கிடைக்குமா என்று கேளுங்கள். அனுமதியில் குறை இருந்தால் மூன்று வருடம் கட்டிய பிறகு லோன் மறுக்கப்படலாம். தவறு உங்கள் மேல் போய் விழும். லோன் வராவிட்டால் ஒத்தியும் மாதத் தொகையும் சேர்ந்த 13.4 லட்சமும் எத்தனை நாளில் திரும்பும், அதுவரை வீடு உங்கள் வசமே இருக்கும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

ஒத்தி பதிவானதாக இருந்தால், கிரயம் பதியும் அன்றே, ஒத்தி தீர்ந்தது என்று காட்டும் ரத்து ரசீதும் பதிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் சொந்த வீட்டின் வில்லங்கத்தில் உங்கள் ஒத்தியே நின்றுகொண்டிருக்கும்.