கொரோனா போய் நான்கு வாரம் கழித்து வந்த காய்ச்சல்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. கொரோனா வந்து இரண்டே நாளில் சரியாகிவிட்டது. நான்கு வாரம் கழித்து கடும் காய்ச்சல், வயிற்றுவலி, வாந்தி. வயிற்றுக் கோளாறு என்று மூன்று நாள் வீட்டிலேயே பார்த்துக்கொண்டோம். கண் சிவந்து, உடம்பெல்லாம் தடிப்பு வந்த பிறகுதான் மருத்துவமனைக்கு ஓடினோம். எம்.ஐ.எஸ்.-சி (கொரோனாவுக்குப் பிறகு குழந்தைகளின் பல உறுப்புகளில் வரும் அழற்சி) என்று சொல்லி ஐ.சி.யூ.வில் வைத்தார்கள். இப்போது வீட்டில் நன்றாக இருக்கிறான். தினமும் ஆஸ்பிரின் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் ஆகாது என்பார்களே? அவன் தங்கைக்கு ஒட்டுமா? ஓடியாட விடலாமா? நாங்கள்தான் தாமதித்துவிட்டோமா?

பதில்: கடைசிக் கேள்விதான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று தெரிகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன். காய்ச்சலும் வாந்தியும் வயிற்றுவலியுமாக ஒரு குழந்தை வந்தால், முதல் நாளில் டாக்டர்களுக்கும் வயிற்றுக் கோளாறுதான் நினைவுக்கு வரும். இந்த நோயில் குடலும் அதை ஒட்டிய நெறிக்கட்டிகளும் வீங்குவதால், குடல்வால் அழற்சி என்று நினைத்து ஆபரேஷன் வரை போன குழந்தைகளும் உண்டு. 2020 ஏப்ரலில் பிரிட்டன் டாக்டர்கள் எச்சரிக்கும்வரை இப்படியொரு நோய் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. கண் சிவந்ததும் கிளம்பினீர்களே, அது சரியான முடிவு.

இது கொரோனா திரும்ப வந்ததல்ல. வைரஸை விரட்டக் கிளம்பிய எதிர்ப்புச் சக்தி, வேலை முடிந்த பிறகும் அடங்காமல் சொந்த உடம்பின் மீதே பாய்கிறது. பெரும்பாலும் தொற்று வந்த 2 முதல் 6 வாரத்துக்குள் இது நடக்கும். கொரோனா வந்ததே தெரியாமல் போன குழந்தைக்கும் வரலாம். கண் சிவக்கும், ஆனால் பீளை தள்ளாது. உதடு சிவந்து வெடிக்கும். பார்ப்பதற்கு, ரத்தக்குழாய்களில் அழற்சி வரும் கவசாகி நோய் போலவே இருக்கும். அது பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வருவது. இதுவோ சற்று வளர்ந்த பிள்ளைகளைத்தான் அதிகம் பிடிக்கிறது. இதில் வயிற்றுத் தொந்தரவும் கூடுதல், இதயத்தின் பம்ப் வேலை பலவீனமாவதும் கூடுதல். ஐ.சி.யூ. தேவைப்படுவது அதனால்தான்.

தங்கைக்கு அவனிடமிருந்து இந்த நோய் ஒட்டாது. ஆனால் அவளுக்கும் அதே சமயத்தில் கொரோனா வந்திருக்கலாம் இல்லையா? எனவே அந்த ஆறு வாரம் முடிவதற்குள் அவளுக்குக் காய்ச்சல் வந்தால், 'அண்ணனுக்கு இப்படி ஆனது' என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். துவண்டு கிடக்கிறாளா, கை கால் சில்லிட்டிருக்கிறதா என்று பாருங்கள். விரல் நகத்தை அழுத்தினால் வெளுக்கும். விட்டதும் இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். அதற்கு மேல் ஆனால் உடனே கிளம்புங்கள். மற்றபடி, இது கொரோனா வந்தவர்களில் மிகச் சில குழந்தைகளுக்கே வருவது. ஒவ்வொரு தும்மலுக்கும் பதற வேண்டாம்.

சரி, ஆஸ்பிரின். நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். காய்ச்சலுக்கென்று குழந்தைகளுக்கு அதைக் கொடுக்கக் கூடாது. ஃப்ளூ அல்லது சின்னம்மை இருக்கும்போது கொடுத்தால், கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரேய்ஸ் சிண்ட்ரோம் வரலாம். அபூர்வம்தான், ஆனால் ஆபத்தானது. உங்கள் மகனுக்குக் கொடுப்பது மிகக் குறைந்த அளவு. இதய ரத்தக்குழாய்களில் ரத்தம் உறையாமல் இருப்பதற்காக. எக்கோவும் (இதய ஸ்கேன்) பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) அளவும் சரியாக இருப்பதைப் பார்த்து டாக்டர் நிறுத்தச் சொல்வார். நீங்களாக நிறுத்தாதீர்கள். இடையில் ஃப்ளூவோ சின்னம்மையோ வருவதுபோல் தெரிந்தால், அல்லது வீட்டில் வேறு யாருக்காவது வந்தால், அன்றே அவருக்குப் போன் செய்யுங்கள். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும். இபுப்ரோஃபென் வேண்டாம், அது ஆஸ்பிரினின் வேலையைக் கெடுக்கும்.

விளையாட்டு விஷயத்தில்தான் உங்களுக்கும் அவனுக்கும் சண்டை வரப்போகிறது. இதயம் பாதிக்கப்பட்டிருந்தால் 3 முதல் 6 மாதம் ஓட்டம், போட்டி எதுவும் கூடாது. நடக்கலாம், பள்ளிக்குப் போகலாம். வெளியே பார்க்க நன்றாக இருப்பான். உள்ளே இதயத் தசை இன்னும் ஆறிக்கொண்டிருக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது முழுதாகவே தேறிவிடுகிறது. அதுவரை எக்கோவுக்குச் சொன்ன தேதிகளைத் தவறவிடாதீர்கள். மயக்கம், நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், படபடப்பு இவற்றில் எது வந்தாலும் அடுத்த தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது.

அப்புறம் ஒன்று, டிஸ்சார்ஜ் சம்மரியில் இம்யூனோகுளோபுலின் (பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் புரதம்) ஏற்றியதாக இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்றியிருந்தால் தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளில் பாக்கி இருப்பதை 11 மாதம் தள்ளிப் போட வேண்டும். அதற்கு முன் போட்டால் சரியாகப் பிடிக்காது. ஃப்ளூ ஊசிக்கு இந்தத் தடை இல்லை. ஆஸ்பிரின் சாப்பிடும் குழந்தைக்கு அது அவசியமும்கூட. அடுத்த முறை போகும்போதே கேட்டுவிடுங்கள்.