பேனல் சாவி யார் பையில் இருக்கிறது?

வேலைக்கு எடுக்கும் இளைஞர்கள் ஒரு வருடம்கூடத் தங்குவதில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கோவை கணபதியில் சின்னதாக ஒரு சி.என்.சி. பட்டறை (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடி உலோகத்தைக் கடையும் மெஷின்கள்) நடத்துகிறேன். மொத்தம் 18 பேர், அதில் 12 பேர் 25 வயதுக்குள். பெரிய கம்பெனி ஹெச்.ஆர். சொல்கிற மாதிரி எனக்குச் சொல்லத் தெரியாது. என் பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன்.

நாலு வருடத்துக்கு முன்னால், தீபாவளி போனஸ் வாங்கிய மறுவாரமே மூன்று பையன்கள் ஒன்றாக நின்றுவிட்டார்கள். (எங்கள் பக்கம் ‘நின்றுவிட்டான்’ என்றால் வேலையை விட்டுவிட்டான் என்று அர்த்தம்.) எங்கேயோ இரண்டாயிரம் ரூபாய் கூடக் கிடைத்திருக்கும் என்று நினைத்தேன். கணக்குத் தீர்க்க வந்த ஒருவனிடம் கேட்டால், புது இடத்திலும் அதே சம்பளம்தானாம். “ரெண்டு வருசமா பட்டன் மட்டுந்தானுங்ண்ணா அமுக்கறேன். ஆஃப்செட் மாத்தோணும்னாகூட செட்டர் அண்ணன் வரோணும். அங்க செட்டிங் பழக்கி விடறேங்கறாங்க” என்றான். (செட்டர் என்றால் மெஷினை வேலைக்குத் தயார்செய்து கொடுப்பவர். ஆஃப்செட் என்பது வெட்டும் டூலின் அளவைத் திருத்தப் போடும் எண்.)

மெஷின் பேனலில் ஒரு சின்னச் சாவி உண்டு. அதைத் திருப்பினால்தான் புரோகிராமில் கை வைக்க முடியும். எங்கள் மூத்த செட்டர் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார், வீட்டுக்குப் போகும்போதும் எடுத்துக்கொண்டு போவார். அவரையும் குறை சொல்ல முடியாது. அவருக்கே யாரும் சொல்லித் தரவில்லை, எட்டிப் பார்த்துத் தொழில் கற்றவர். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. பழக்கிவிட்டால் பக்கத்துப் பட்டறைக்காரர் கொத்திக்கொண்டு போய்விடுவாரே என்ற பயம்.

இப்போது சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஒரு மெஷினில் ஆர்டர் ஓடாது. பையன்கள் கழிவு அலுமினியத் துண்டை மாட்டி டூல் செட்டிங், ஆஃப்செட் எல்லாம் பழகுவார்கள். ஒருமுறை டூல்கள் மாட்டியிருக்கும் டரட், துண்டைப் பிடித்திருக்கும் சக்கில் போய் மோதி டூல் ஹோல்டர் உடைந்தது. வயிறு எரிந்தது, வாயை மூடிக்கொண்டேன். செட்டருக்கு, அவர் தயார்செய்யும் ஒவ்வொரு பையனுக்கும் தனியாக ஒரு தொகை தருகிறேன். அது இல்லையென்றால் சாவி அவர் பையை விட்டு வந்திருக்காது. பழகிக்கொண்டு போனவர்களும் இரண்டு பேர் உண்டு. ஆனால் மூன்று வருடம் உழைத்துவிட்டுத்தான் போனார்கள்.

சம்பளம் முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. அக்கம்பக்கத்தைவிடக் குறைத்துக் கொடுத்துவிட்டு, ஆயுத பூஜைக்குப் பொரி கடலையும் பேன்ட் துணியும் நீட்டினால் யார் இருப்பார்கள்? ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்த விதி. பழைய ஆட்கள் கேட்க மாட்டார்கள், இவர்கள் கேட்கிறார்கள். பி.எஃப். பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஒரு மாதம் நான் தவறவிட்டதை, அரசின் உமங் செயலியில் பார்த்துவிட்டு வந்து ஒரு 20 வயதுப் பையன் எல்லோர் முன்னாலும் கேட்டான். அன்றைக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. அப்புறம் ஒரு மாதமும் தேதி தாண்டவில்லை.

நைட் ஷிப்டுக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. எவ்வளவு படி கூட்டினாலும் 26, 27 வயதில், “பொண்ணு பாக்கறாங்ணா, நைட் ஷிப்டுன்னா குடுக்க மாட்டேங்கறாங்க” என்று தலையைச் சொறிந்துகொண்டு வருகிறார்கள். உங்களுக்கு ஏதாவது பிடிபட்டால் எனக்கும் சொல்லுங்கள்.