மாதிரி ரயில் அமைப்பதை நம் ஊரில், சாதாரண வீட்டில், மாதச் சம்பளத்தில் ஒரு பொழுதுபோக்காக வைத்துக்கொள்ள முடியுமா?

முடியும். நான் பாளையங்கோட்டையில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். இரண்டு படுக்கையறை வீடு. அம்மா, மனைவி, பள்ளிக்குப் போகும் மகள். எங்கள் வீட்டுக் கூடத்தில், மகளின் படிப்பு மேசைக்கு மேலே, சுவரோடு பொருத்திய எட்டடி நீளப் பலகையில் மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் இருக்கும் பழைய பாதை) ரயில் நிலையம் ஒன்றின் மாதிரி இருக்கிறது. இடம் இல்லை, சாமான்கள் எல்லாம் வெளிநாட்டு விலை, நாற்பது வயதுக்கு மேல் பொம்மை ரயிலா என்று வீட்டில் கேட்பார்கள் என்று கேள்வியில் மூன்று தயக்கங்களைச் சொல்லியிருக்கிறீர்கள். முதல் தயக்கத்துக்குத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. அது தீர்ந்தால் மற்ற இரண்டும் பாதி தீர்ந்த மாதிரி.

இந்தப் பொழுதுபோக்கில் இறங்க நினைக்கும் எல்லோரும் முதலில் ஆசைப்படுவது ஒரு முழு நீள எக்ஸ்பிரஸ் ரயிலுக்குத்தான். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். உலகம் முழுவதும் அதிகம் விற்பது ஹெச்.ஓ. அளவு, அதாவது அசலில் 87-இல் ஒரு பங்கு. இப்போது ஓடும் எல்.எச்.பி. பெட்டி ஒன்றின் நீளம் 23.54 மீட்டர். ஹெச்.ஓ.வில் அது 27 சென்டிமீட்டர். 22 பெட்டிகளைக் கோத்தால் இன்ஜினைச் சேர்க்காமலே 6 மீட்டருக்குப் பக்கத்தில் வந்துவிடும். நம் வீட்டுக் கூடத்தில் அந்த ரயிலை நிறுத்தலாம், ஓட்ட முடியாது. 160-இல் ஒரு பங்கான ‘என்’ அளவுக்குப் போனாலும் 3 மீட்டருக்கு மேல் வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கடையில் கிடைக்கும் ஹெச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். இது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள 1,435 மில்லிமீட்டர் பாதைக்குக் கணக்கிட்டது. நம் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். அதற்கு 19 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக வேண்டும். ஆகவே நம் பெட்டிகளைக் கடைத் தண்டவாளத்தில் நிறுத்தினால் அகன்ற உடம்பும் ஒடுங்கிய காலுமாகத் தெரியும். பலர் அதை ஏற்றுக்கொண்டு அழகான ரயில்களைச் செய்கிறார்கள். சிலர் பெட்டியை 100-இல் ஒரு பங்காகச் சுருக்கி அதே தண்டவாளத்துக்குப் பொருந்தச் செய்கிறார்கள். கணக்கு ஏறக்குறைய சரியாக வருகிறது. என் கண்ணுக்கு முதலில் சொன்ன அந்த ஒடுக்கம் ஒப்பவில்லை.

மீட்டர் கேஜுக்கு வந்தால் இந்தத் தொல்லை போய்விடுகிறது. 1,000 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் 11.5. சுவிட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் மலை ரயில்களுக்காகவே 12 மில்லிமீட்டர் தண்டவாளம் விற்கிறார்கள். அரை மில்லிமீட்டர் வித்தியாசம் யார் கண்ணுக்கும் படாது. கிளைப்பாதை ரயில் என்றால் நான்கு பெட்டிகள் போதும். எட்டடியில் நடைமேடை, பாயின்ட் (ரயில் தடம் மாறும் இடம்), கைகாட்டி, கேட் எல்லாம் அடங்கிவிடும்.

நான் செங்கோட்டைப் பக்கத்துக்காரன். செங்கோட்டையிலிருந்து மலையேறி, பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழைந்து, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூருக்கும் கொல்லத்துக்கும் போன பாதை 1904-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. கழுதுருட்டிக்குப் பக்கத்தில் பதின்மூன்று கல் வளைவுகளோடு நிற்கும் பாலத்தைப் பேருந்தில் போனவர்கள்கூடப் பார்த்திருப்பார்கள். செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே மீட்டர் கேஜ் ரயில் 2010-இல் நின்றது; அகலப் பாதை 2018-இல் திறந்தது. புதிய பாதை வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முன்னால் ஓர் ஒய்.டி.எம்.-4 டீசல் இன்ஜின், பின்னால் தள்ளுவதற்கு இன்னொன்று, நடுவில் சன்னல் வழியே கைநீட்டினால் ஈரப் பாறையைத் தொட்டுவிடலாம் போன்ற பெட்டிகள் என்று அந்த ரயில் ஏறியதை என் மகள் பார்க்கவில்லை. அதை அவளுக்குக் காட்டவே இந்தப் பலகை. குறிப்பிட்ட ஒரு நிலையத்தை அச்சாக நகலெடுக்கவில்லை. அந்த மலைப்பாதையில் இருந்திருக்கக்கூடிய ஒரு சிறு நிலையம். ஒரு முனையில் குகை. அந்தக் குகைவாய் அழகுக்கு மட்டும் இல்லை. அதற்குள் போன ரயில் அலமாரியின் பக்கவாட்டில் கொக்கி போட்டு மாட்டும் தனிப் பலகையில் மறைந்து நிற்கும். நேரம் வந்ததும் திரும்பி வரும். ஓட்டி முடித்ததும் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிடுவேன்.

அடுத்தது செலவு. வெளிநாட்டுப் பெட்டிகளும் இன்ஜின்களும் விலை கூடியவைதான். பொம்மைகளுக்கான சுங்க வரியை 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60-ஆகவும், 2023-இல் 70-ஆகவும் உயர்த்தினார்கள். நம்முடைய மாதிரிகளும் அந்த வகையில்தான் வருகின்றன. அதனால் நான் வாங்குவது மூன்றே சங்கதிகள்: தண்டவாளம், சக்கரங்கள், மோட்டாருடன் கூடிய இன்ஜின் அடிப்பாகம். ஜெர்மனியில் செய்யும் டி.டி. அளவு (120-இல் ஒரு பங்கு) இன்ஜின்களும் 12 மில்லிமீட்டர் பாதையில்தான் ஓடும். பயன்படுத்திய ஒன்றின் மேலுடம்பைக் கழற்றிவிட்டு, அதன்மேல் ஒய்.டி.எம்.-4 உடம்பைப் பொருத்தினேன். மற்றதெல்லாம் உள்ளூர். பெட்டிகளின் சுவர் பிளாஸ்டிக் தகடு, கூரை வாட்டர் பாட்டில் பிளாஸ்டிக்கை வெந்நீரில் வளைத்தது, நிலையக் கட்டடம் சன்போர்டு என்னும் நுரை அட்டை.

ஜல்லியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து பொட்டலத்தில் வரும் ஜல்லியை வாங்காதீர்கள். வீடு கட்டும் இடத்தில் ஒரு பை எம்-சாண்ட் கேளுங்கள். உடைத்த கருங்கல் அது, நிறமும் முனையும் அசல் ஜல்லிக்கே உரியவை. முதலில் மாவு சல்லடையில் சலித்துத் தூசியைத் தள்ளுங்கள். மிஞ்சியதை டீ வடிகட்டியில் போட்டு, கீழே விழுவதை மட்டும் எடுங்கள். பிறகு ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி அதன்மேல் பலமுறை ஓட்டுங்கள். கறுப்பாக ஒட்டிக்கொண்டு வரும் இரும்புத் துகள்களை எறிந்துவிட வேண்டும். விட்டால் அவை இன்ஜின் மோட்டாருக்குள் ஏறி அதைக் கெடுத்துவிடும். ஸ்லீப்பர் கட்டைகளுக்கு இடையே தூவி, பல் துலக்கும் தூரிகையால் ஒதுக்கி, தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து தெளித்து நனைத்த பிறகு, தண்ணீர் சேர்த்த ஃபெவிகாலை ஊசி இல்லாத சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நனைக்காமல் பசையை விட்டால் அது உருண்டு ஜல்லியை இழுத்துக்கொண்டு போகும். ஒரு ராத்திரி காய்ந்தால் கல்லாக நிற்கும்.

நிறத்துக்கு ஒரே ஒரு குறிப்பு: அசல் நிறத்தைவிட ஒரு படி வெளுப்பாக அடியுங்கள். நாம் மாதிரியைப் பார்க்கும் தூரம் அசலில் பல பத்து மீட்டர். அந்தத் தூரத்தில் எந்த நிறமும் கொஞ்சம் வெளுத்துத்தான் தெரியும். பெட்டியின் அடிப்பாகத்துக்கு மட்டும் தயங்காமல் செம்பழுப்பு அடியுங்கள். பிரேக் கட்டை தேய்ந்து தெறிக்கும் இரும்புத் தூள் அங்கேதான் படியும். சந்தேகம் இருந்தால் சென்னை போகும்போது பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்ப் பழைய பெட்டிகளைக் கிட்டே நின்று பாருங்கள்.

வேகமும் முக்கியம். மலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 87-இல் ஒரு பங்குக்கு அது விநாடிக்கு 10 சென்டிமீட்டர் கூட இல்லை. என் ரயில் இந்த எட்டடியைக் கடக்க 25 விநாடி எடுத்துக்கொள்ள வேண்டும், எடுத்துக்கொள்கிறது. மெதுவாக ஓட்டினால் சின்ன இடமும் பெரிதாகிவிடும். அப்படி மெதுவாக ஓட வேண்டுமென்றால் தண்டவாளம் சுத்தமாக இருக்க வேண்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மெல்லிய துணியில் தொட்டு வாரம் ஒருமுறை துடைத்துவிடுவேன். மற்ற நேரத்தில் பலகையைப் பழைய வேட்டி மூடியிருக்கும்.

இனி வீடு. பொம்மை என்று சொல்வார்களே என்று கேட்டீர்கள். நம் வீடுகளில் கொலுப் படிக்குக் கீழே பார்க் போடுகிறோமே, அது என்ன? மண்ணைக் கொட்டி மலை எழுப்பி, கடுகும் கேழ்வரகும் முளைக்கவைத்துப் புல்வெளி ஆக்கி, கண்ணாடித் துண்டில் குளம் அமைத்து, நடுவில் ஒரு ரயிலையும் ஓடவிடுகிற வழக்கம் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. நிலக்காட்சி அமைக்கிற கை நம்மிடம் ஏற்கெனவே உண்டு. எங்கள் வீட்டில் நவராத்திரிக்கு இந்தப் பலகை சுவரிலிருந்து இறங்கிக் கொலுவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். சுண்டல் வாங்க வரும் பிள்ளைகள் போக மனமில்லாமல் நிற்பார்கள். ஆயுத பூஜைக்குச் சால்டரிங் இரும்புக்கும் சந்தனம் உண்டு.

அம்மாவுக்கு முதலில் இதில் ஈடுபாடு இல்லை. ஒருநாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து பார்த்தவர், “பிளாட்பாரத்தில் பலாப்பழம் எங்கே? சீசனில் பலாப்பழம் ஏற்றாத வண்டி உண்டா?” என்று கேட்டார். அன்று இரவே அஞ்சறைப்பெட்டியிலிருந்து மிளகை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். பாருங்கள், 87-இல் ஒரு பங்குக்கு ஒரு பலாப்பழம் நான்கைந்து மில்லிமீட்டர். மிளகு அதே அளவு, தோலின் சுருக்கம் முள்ளாகவே தெரிகிறது. மங்கலான பச்சை பூசி, நூல் கட்டிய சாக்குக்குப் பக்கத்தில் குவித்து வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் இன்ஜினைவிட அதைத்தான் அதிக நேரம் பார்க்கிறார்கள். மனைவியோடு செய்துகொண்ட ஏற்பாடு எளிமையானது: மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகை, அது வீட்டுக் கணக்கு நோட்டில் வெளிப்படையாக ஒரு வரி. ஸ்பிரே அடிப்பது மொட்டை மாடியில் மட்டும்.

இதைத் தனியாகச் செய்யாதீர்கள் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலையில் எங்கள் வீட்டில் நாலைந்து பேர் கூடுவோம். ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு அண்ணாச்சி ஒருவர், பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் (இன்ஜின் உடம்பை முப்பரிமாண அச்சில் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான்), பிளக்ஸ் பலகை அச்சிடுகிற நண்பர். நிலையத்தின் மஞ்சள் பெயர்ப் பலகையில் கடல் மட்ட உயரம் எந்த மூலையில் வரும் என்று ஒரு மாலை முழுவதும் பேசியிருக்கிறோம். அண்ணாச்சி வாயிலிருந்து வருகிற செய்திகள் புத்தகத்தில் கிடைக்காது. ஒற்றைப் பாதையில் ரயில் போவதற்கான அனுமதியாகிய டோக்கன் எப்படிக் கைமாறும் என்று ஒருநாள் எழுந்து நின்றே செய்து காட்டினார். பக்கத்துப் பக்கத்து நிலையங்களில் கம்பியால் இணைந்த இரண்டு கருவிகள். ஒன்றிலிருந்து ஓர் இரும்பு உருண்டையை எடுத்துவிட்டால், அது ஏதாவது ஒரு கருவிக்குள் திரும்பப் போகும்வரை அடுத்த உருண்டை வெளியே வராது. ஆகவே அந்தப் பாதையில் ஒரு சமயத்தில் ஒரே ரயில். உருண்டையைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தோடு ஓடும் இன்ஜினில் இருப்பவர் கை நுழைத்து வாங்கும்படி நீட்டுவார்கள். “வளையத்தை இறுகப் பிடித்து நிற்கக் கூடாது தம்பி, கையை இழுத்துக்கொண்டு போய்விடும்” என்று அவர் சொன்னதற்குப் பிறகு, என் நடைமேடையில் நிற்கும் ஆளின் விரல்களைத் திருத்தினேன். ஒற்றைச் செம்பு இழையை ரீஃபில் முனையில் சுற்றிச் செய்த வளையம் இப்போது அவன் உள்ளங்கையில் சும்மா சாய்ந்து நிற்கிறது.

கடைசியாக, டிஜிட்டல் கட்டுப்பாடு வாங்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். சாதாரண முறையில் தண்டவாளத்துக்கு 12 வோல்ட் நேர்மின்சாரம் போகும். பாதையில் நிற்கும் எல்லா இன்ஜின்களும் சேர்ந்தே நகரும். டிஜிட்டல் முறையில் ஒவ்வோர் இன்ஜினுக்கும் தனி எண் உண்டு, தனித்தனியாகக் கட்டளை கொடுக்கலாம். எனக்கு முன்னும் பின்னும் இரண்டு இன்ஜின்கள் ஒரே வேகத்தில் போக வேண்டும். பின்னது கொஞ்சம் முந்தினாலும் வளைவில் நடுப்பெட்டி தடம் புரளும். அதற்காகச் செலவழித்தேன். உங்களுக்கு ஓர் இன்ஜின்தான் என்றால் இப்போதைக்கு வேண்டாம். மின்னணுச் சாமான் கடையில் 12 வோல்ட் அடாப்டரும், மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு பலகையும், திசை மாற்ற ஒரு சுவிட்சும் வாங்குங்கள். முதல் ரயிலுக்கு அது போதும். அந்தப் பணத்தில் நல்ல சக்கரங்கள் வாங்கிக்கொள்ளலாம்.