படகில் ஏறுமுன் போட்ட கையெழுத்து இழப்பீட்டு உரிமையைப் பறித்துவிடுமா?

கேள்வி: மதிப்பிற்குரிய வழக்கறிஞர் அவர்களுக்கு வணக்கம். நான்கு மாதங்களுக்கு முன் என் மனைவி, 11 வயது மகள், 58 வயதான என் அம்மா ஆகியோருடன் அந்தமான் சென்றிருந்தேன். ஹேவ்லாக் படகுத்துறையிலிருந்து ஸ்பீடு போட்டில் எலிஃபண்ட் பீச்சுக்குச் சென்று, வழிகாட்டியின் துணையுடன் ஸ்நார்க்கெலிங் (முகமூடியும் மூச்சுக்குழாயும் அணிந்து கடலுக்குள் பார்த்தபடி நீந்துவது) செய்துவிட்டுத் திரும்பும் பயணத்துக்கு, திருநெல்வேலியில் இருந்தபடியே ஒரு சுற்றுலா இணையதளத்தில் நால்வருக்கும் சேர்த்து 12,000 ரூபாய் செலுத்தியிருந்தேன். படகில் ஏறும் நேரத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவத்தை நீட்டி, எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்று அவசரப்படுத்தினார்கள். அம்மாவுக்கும் சேர்த்து நானே கையெழுத்துப் போட்டேன். "முதுகுத்தண்டுப் பிரச்சினை உண்டா" என்ற இடத்தில் "இல்லை" என்று குறித்தேன். அம்மாவைப் படகின் முன்வரிசைப் பலகையில் உட்காரச் சொன்னார்கள். கடல் கொந்தளிப்பாக இருந்தும் படகோட்டி வேகத்தைக் குறைக்கவில்லை. இரண்டு முறை படகு தூக்கிப்போட்டதில் அம்மா அலறிவிட்டார். கரையில் வழிகாட்டி அதை வெறும் தசைப்பிடிப்பு என்றார். அதே பயணத்தில் என் மகளின் முகமூடிக்குள் தண்ணீர் புகுந்து அவள் தத்தளித்தபோது, அந்த வழிகாட்டி வேறொரு குடும்பத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். போர்ட் பிளேரில் ஸ்கேன் எடுத்ததில், அம்மாவுக்கு இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பு நசுங்கி முறிந்திருந்தது தெரிந்தது. எலும்பு அடர்த்தி குறைவு என்றும் மருத்துவர் எழுதியுள்ளார். தையல் தொழில் செய்யும் அம்மாவால் மூன்று மாதங்களாக இயந்திரத்தின் முன் உட்கார முடியவில்லை. படகு நிறுவனம், கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்கிறது. இணையதளம், நாங்கள் வெறும் இடைத்தரகர் என்கிறது. இனிக் கோரிக்கை இல்லை என்று எழுதிக்கொடுத்தால் 10,000 ரூபாய் தருவதாகப் படகு நிறுவனம் சொல்கிறது. எங்களுக்கு வழக்கு இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. அந்தக் கையெழுத்து உங்களை வருத்தும் அளவுக்குச் சட்டத்தில் அதற்கு வலிமை இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆபத்தை அறிந்து ஏற்றுக்கொண்டவர் அந்த ஆபத்துக்காக வழக்காட முடியாது என்பது பழைய சட்டக் கோட்பாடு. படகு நிறுவனம் பிடித்துத் தொங்குவது இதைத்தான். ஆனால் ஒருவர் ஏற்றுக்கொள்வது கடலுக்கே உரிய ஆபத்தை மட்டுமே. படகை ஓட்டுபவரின் கவனக்குறைவை அல்ல. அலையில் படகு ஆடும், உப்புநீர் கண்ணில் படும், பவளப்பாறையில் கால் உரசும் என்பவற்றுக்கு உங்கள் கையெழுத்து சம்மதமாகலாம். கொந்தளிப்பில் வேகத்தைக் குறைக்காமல் ஓட்டுவதற்கும், ஒருவர் அலறிய பிறகும் நிறுத்திப் பார்க்காததற்கும் எந்தப் படிவமும் முன்கூட்டியே மன்னிப்பு வழங்கிவிட முடியாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், "சேவைக் குறைபாடு" என்பதன் வரையறைக்குள்ளேயே, நுகர்வோருக்கு இழப்பையோ காயத்தையோ உண்டாக்கும் கவனக்குறைவான செயலையும், தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேர்த்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் தாயார் வயது வந்தவர். அவருடைய உரிமையை அவருடைய அதிகாரம் பெறாமல் மகன் விட்டுக்கொடுக்க முடியாது. ஆகவே அவர் பெயரில் நீங்கள் போட்ட கையெழுத்து அவரைக் கட்டுப்படுத்துமா என்பதே கேள்விக்குரியது. ஆனால் "படிக்காமல் கையெழுத்திட்டேன்" என்பதை உங்கள் முதன்மை வாதமாக வைக்காதீர்கள். கையெழுத்திட்டவர் படித்ததாகவே நீதிமன்றங்கள் பொதுவாகக் கொள்ளும். படிவத்தை எந்த மொழியில், எந்தச் சூழலில், எத்தனை நொடி அவகாசத்தில் தந்தார்கள் என்பதை நடந்தபடியே சொல்லுங்கள். அது அவர்களுடைய வணிக நடைமுறையைக் காட்டும் உண்மையாக நிற்கட்டும்.

வழக்கின் உயிர்நிலை உங்கள் தாயார் உட்கார வைக்கப்பட்ட இடத்தில் இருக்கிறது. வேகமாகச் செல்லும் படகு அலையில் மோதும்போது அதிகமாக எழுவதும் விழுவதும் அதன் முன்பகுதிதான். பின்பகுதியில் இருப்பவருக்கு லேசான குலுக்கலாகத் தெரிவது, முன்வரிசையில் இருப்பவரை இருக்கையிலிருந்தே தூக்கி மீண்டும் பலகையின்மேல் போட்டுவிடும். அந்த அடியின் விசை உட்கார்ந்திருப்பவரின் முதுகுத்தண்டின் வழியே மேலேறும்போது நசுங்குவது பெரும்பாலும் மார்புப்பகுதி முடிந்து இடுப்புப்பகுதி தொடங்கும் இடத்து முள்ளெலும்புகள்தாம். உங்கள் தாயாருக்கு நேர்ந்த முறிவு அதே இடத்தில் இருப்பது தற்செயல் அல்ல. பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு, உல்லாசப் பயண அதிவேகப் படகுகளில் ஏற்பட்ட இத்தகைய முதுகெலும்பு முறிவுகளை விசாரித்து அறிக்கைகளே வெளியிட்டுள்ளது. ஆக, இது எவரும் எதிர்பாராத விபத்து என்று படகுத் தொழிலில் இருப்பவர் சொல்ல முடியாது. வயதானவர்களைப் பின்பக்கம் உட்காரவைப்பதும், அலைக்கேற்ப வேகத்தைக் குறைப்பதும் ஒரு காசும் செலவில்லாத முன்னெச்சரிக்கைகள். அவற்றைக்கூடச் செய்யவில்லை என்பதே உங்கள் தரப்பின் மிக வலுவான வாதம். மெய்ப்பிக்கும் பொறுப்பு நம்முடையது என்பதால், உங்கள் தாயாருக்குச் சிகிச்சை அளிக்கும் எலும்பியல் மருத்துவரிடம், இத்தகைய முறிவு செங்குத்தான மோதலால் ஏற்படக்கூடியதா என்பதற்கு எழுத்துப்பூர்வமான கருத்தைக் கேட்டுப் பெறுங்கள். இந்த ஒரு தாள் மற்ற பல தாள்களைவிடப் பயன்படும்.

எதிர்த்தரப்பு முதலில் தாக்கப்போவது எலும்பு அடர்த்திக் குறைவைத்தான். அதோடு படிவத்தில் "இல்லை" என்று குறித்ததையும் சேர்த்துக்கொள்வார்கள். அந்தக் குறைபாடு உங்கள் தாயாருக்கு முன்பே தெரிந்து, அதற்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தும் மறைத்திருந்தால், இழப்பீட்டில் ஒரு பகுதி குறையக்கூடும் என்பதை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். பயணத்துக்குப் பின் எடுத்த பரிசோதனையில்தான் முதன்முறையாகத் தெரியவந்தது என்றால், அந்தக் குறிப்பு நேர்மையான பதில், மறைப்பு அல்ல. காயப்படுத்தியவர் காயப்பட்டவரை அவர் இருந்த நிலையிலேயே ஏற்க வேண்டும், வலுவான எலும்புள்ளவராக இருந்தால் முறிந்திருக்காது என்று தப்பிக்க முடியாது என்பது தீங்கியல் சட்டத்தின் (பிறருக்கு விளைவித்த தீங்குக்கு இழப்பீடு தரச் செய்யும் சட்டத்தின்) நிலைபெற்ற விதி. இதில் எது உண்மை என்பதைப் பழைய மருத்துவச் சீட்டுகளுடன் உங்கள் வழக்கறிஞரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பின்னர் குறுக்கு விசாரணையில் வெளிப்பட்டால் முழு வழக்கின் நம்பகத்தன்மையும் ஆட்டம் கண்டுவிடும்.

உங்கள் மகளுக்குக் காயம் ஏதும் இல்லாததால் அதற்குத் தனியாகப் பெரிய தொகை கேட்பதற்கில்லை. ஆனாலும் அந்த நிகழ்வை மனுவில் கட்டாயம் சேருங்கள். கோவளத்தில் கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதியில், நீச்சல் குளத்தில் விருந்தினர் ஒருவர் மூழ்கி இறந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019இல் அளித்த தீர்ப்பு இங்கே பொருந்தும். அங்கே உயிர்காப்பாளராக இருந்தவருக்கு மதுக்கூடத்தில் பரிமாறும் வேலையும் கொடுக்கப்பட்டிருந்தது. நீரில் இருப்பவர்களைக் கண்காணிக்க வேண்டியவரை வேறு வேலையில் ஈடுபடுத்தியதே சேவைக் குறைபாடு என்று நீதிமன்றம் முடிவு செய்தது. வழிகாட்டியின் கையில் கேமராவைக் கொடுத்துவிட்டு, அவர் நீரில் இருப்பவர்களையும் பார்த்துக்கொள்வார் என்று விளம்பரம் செய்யும் நிறுவனத்துக்கும் இதே கேள்வி எழும். ஒரு குழந்தை நீரில் தத்தளிக்கும் நேரத்தில் அதைப் பார்க்க வேண்டிய கண்கள் வேறெங்கோ இருந்ததை நான் சிறிய விஷயமாகக் கருதவில்லை. அன்று அவர்கள் அனுப்பிய படங்களின் நேரப் பதிவுகள் உங்களிடம் இருந்தால், அவையே சாட்சியாகும்.

வழக்கை எங்கே தொடுப்பது என்பதில் குழப்பம் வேண்டாம். அந்தமான் செல்லத் தேவையில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே தொடுக்கலாம் என்பதால், திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே போதும். வழக்கு போர்ட் பிளேரில் மட்டுமே என்று படிவத்தில் எழுதியிருந்தாலும், சட்டம் தரும் இந்த உரிமையை அச்சிட்ட ஒரு வரி பறிக்காது. மாவட்ட ஆணையத்தின் வரம்பு நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்லாமல், சேவைக்குச் செலுத்திய தொகையை வைத்தே முடிவாகிறது. 50 லட்சம் வரை அங்கேயே விசாரிக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டது என்பதால் உங்களுக்குக் கட்டணமும் இல்லை. நிகழ்வு நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பணம் செலுத்தியது நீங்கள் என்றாலும், உங்கள் ஒப்புதலோடு சேவையைப் பெற்ற உங்கள் தாயாரும் சட்டப்படி நுகர்வோரே.

படகு நிறுவனம், இணையதளம் ஆகிய இரண்டையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். இணையதளம் தன் பெயரிலேயே ரசீது தந்ததா, விலையைத் தானே நிர்ணயித்ததா, "பாதுகாப்பான படகுகள், பயிற்சி பெற்ற வழிகாட்டிகள்" என்று தன் வாக்காக விளம்பரம் செய்ததா என்பதைப் பாருங்கள். இவற்றில் சில இருந்தாலும் வெறும் இடைத்தரகர் என்ற வாதம் நீர்த்துப்போகும். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர்களுடைய குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அவருக்கு இன்றே எழுதுங்கள். பதில் வராவிட்டால் அந்த மௌனமும் நமக்கு ஆவணமாகும்.

மனுவை எழுதும்போது பலர் செய்யும் தவறொன்று உண்டு. அந்தப் படிவத்தை "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று அறிவித்து ரத்து செய்யும்படி கேட்டுவிடுவார்கள். அந்த அதிகாரம் மாநில, தேசிய ஆணையங்களுக்கே உண்டு. மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. ஆகவே சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்ற இரண்டின் அடிப்படையில் மட்டும் இழப்பீடு கோருங்கள். படிவம் கவனக்குறைவுக்கு விலக்கு அளிக்காது என்பதை வாதமாக மட்டும் வையுங்கள்.

சாட்சியங்களைச் சேர்ப்பதில் தாமதம் கூடாது. படகில் எடுத்த காணொளி இருந்தால், எடுத்த தொலைபேசியிலேயே மூலக் கோப்பாக வைத்திருங்கள்; வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியில் தரமும் நேர விவரங்களும் போய்விடும். அதை ஆணையத்தில் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் இணைத்துவிடுவது நல்லது. உடன் பயணித்தவர்களின் எண் கிடைத்தால் பேசிப்பாருங்கள். ஒரே ஒரு சக பயணியின் பிரமாணப் பத்திரம் வழக்கின் போக்கையே மாற்றிவிடும். படகின் பதிவு, பயணிகளை ஏற்றும் அனுமதி, ஓட்டுநரின் உரிமம், காப்பீடு, அன்றைய பயணிகள் பட்டியல் ஆகியவற்றைக் கேட்டு நிறுவனத்துக்கு வழக்கறிஞர் வழியாக அறிவிப்பு அனுப்புங்கள். அதோடு 10 ரூபாய்க் கட்டணத்தில் அந்தமான் நிர்வாகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனுவும் போடுங்கள். எந்த அலுவலகம் என்று சரியாகத் தெரியாவிட்டாலும், பெற்றவர் உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாட்களுக்குள் மாற்றி அனுப்பக் கடமைப்பட்டவர்.

10,000 ரூபாயைப் பெற்றுக்கொண்டு "முழுமையான, இறுதியான தீர்வு" என்று எழுதிக்கொடுக்காதீர்கள். முதல் படிவம் உங்களைத் தடுக்காது என்று இவ்வளவு நேரம் சொன்ன நானே, இந்த இரண்டாவது தாளைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். நடந்தது அனைத்தும் தெரிந்த பின், பணம் பெற்றுக்கொண்டு எழுதிக்கொடுக்கும் தாளை மீறி வழக்காடுவது மிகக் கடினம். அந்தத் தொகையை ஏற்க மறுப்பதை மரியாதையான ஒரு மின்னஞ்சலில் தெரிவித்தால் போதும்.

குற்றவியல் வழியும் திறந்தே இருக்கிறது. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நேரும்படி படகைக் கண்மூடித்தனமாகச் செலுத்துவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 282ஆம் பிரிவின் கீழ் குற்றம். எலும்பு முறிவு கொடுங்காயமாகக் கருதப்படுவதால் 125ஆம் பிரிவும் பொருந்தலாம். சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்ற முதல் தகவல் அறிக்கையைப் பதியலாம் என்றாலும், 282ஆம் பிரிவுக்கு ஓராண்டு காலவரம்பு உண்டு. உங்கள் நோக்கம் இழப்பீடு மட்டும் என்றால் இதற்கு அவசரப்பட வேண்டியதில்லை. அதே படகோட்டி இன்றும் அதே வேகத்தில் ஆட்களை ஏற்றிச் செல்கிறார் என்ற கவலை உங்களுக்கு இருந்தால், புகார் கொடுக்கத் தயங்காதீர்கள்.

எவ்வளவு கேட்பது என்பதற்கு, மருத்துவச் செலவு, மாற்றிய விமானச் சீட்டு, இடுப்புப் பட்டை, பிசியோதெரபி, மூன்று மாதத் தையல் வருமானம், இனி வரக்கூடிய சிகிச்சை, வலியும் மன உளைச்சலும் என்று தனித்தனியாகக் கணக்கிடுங்கள். தையல் வருமானத்துக்கு ரசீது இராது. வழக்கமாகத் துணி கொடுக்கும் இரண்டு வாடிக்கையாளர்களின் எழுத்துப்பூர்வ உறுதியும் வங்கிக் கணக்கு வரவுகளும் உதவும். விசாரணையின் இடையில் ஆணையம் சமரசத்துக்கு அனுப்ப முன்வந்தால் மறுக்காமல் போய்ப் பாருங்கள். காப்பீடு உள்ள நிறுவனங்கள் பல நேரங்களில் அங்கேதான் நியாயமான தொகைக்கு இறங்கி வருகின்றன.

மனுவில் முதல் மனுதாரராக உங்கள் தாயார் பெயரே இருக்கட்டும். முன்வரிசைப் பலகையில் என்ன நடந்தது என்பதை அவர் தம் சொற்களிலேயே சொல்ல, பிரமாணப் பத்திரத்தைத் தமிழில் தயாரித்து, அவர் முழுவதும் வாசித்துப் பார்த்த பிறகு அவருடைய கையெழுத்தை வாங்குங்கள்.