தவணைத் தொகுப்பை விடுங்கள், நூலக அடுக்குக்குப் போங்கள்

கேள்வி: ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் கணக்கராக இருக்கிறேன். வேலைக்கு வரி, கணக்கியல் நூல்கள் வேண்டும். விடுமுறை நாட்களில் கூந்தன்குளம் பக்கம் பறவை பார்க்கப் போவேன். இரவில் வங்க, மலையாள நாவல்களின் தமிழ் மொழிபெயர்ப்புகளைப் படிக்கப் பிடிக்கும். இணையத்தில் எந்தப் பட்டியலைத் திறந்தாலும் அதே பத்துப் புத்தகங்கள்தான் வருகின்றன. அலுவலகத்துக்கு வந்த ஒருவரிடம் 24 நூல்கள் கொண்ட 'குடும்ப நூலகம்' என்ற தொகுப்பைத் தவணையில் வாங்கினேன். ஒன்றுகூடப் பயன்படவில்லை. இத்தனை விதமான ஆர்வங்களுக்கும் உரிய நூல்களை எப்படிக் கண்டுபிடிப்பது?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில் (ஓய்வுபெற்ற நூலகர்):

முதலில் அந்தத் தொகுப்பைப் பற்றிப் பேசிவிடுகிறேன். பள்ளிக்கூடம், வங்கி, ஆடிட்டர் அலுவலகம் என்று மாதச் சம்பளக்காரர்கள் இருக்கும் இடமாகப் பார்த்து இவர்கள் வருகிறார்கள். கனமான அட்டை, பளபளப்பான தாள், முதுகில் பொன்னெழுத்து. கையில் வாங்கினால் மதிப்புள்ள பொருள் போலத்தான் இருக்கும். உள்ளே புரட்டினால் எழுதியவர் பெயர் இராது. 'ஆசிரியர் குழு' என்று மட்டும் இருக்கும். எந்த ஆண்டு எழுதப்பட்டது, எங்கிருந்து தகவல் எடுக்கப்பட்டது என்பதற்கு ஒரு வரி இராது. சொல்லடைவு கிடையாது, துணைநூற்பட்டியல் கிடையாது. இருபத்துநான்கு தலைப்பு என்பார்கள். ஒரே பொது அறிவுக் குறிப்புகளை வெட்டி இருபத்துநான்கு அட்டைக்குள் அடைத்திருப்பார்கள். உங்கள் ஆர்வம் என்ன என்று அந்த விற்பனையாளர் ஒரு வார்த்தையாவது கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார். கேட்டால் விற்பதற்கு அவரிடம் எதுவும் இல்லை.

தவணை பாக்கி இருந்தால், நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தை எடுத்து நிபந்தனைகளைப் படியுங்கள். சொன்னதற்கும் கொடுத்ததற்கும் பொருத்தமில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்து வழி கேளுங்கள். வாய்மொழிச் சமாதானத்தை நம்பி அடுத்த தவணையைக் கட்டாதீர்கள்.

இனி எந்த நூலை வாங்கும் முன்பும் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். ஆசிரியர் பெயர், முதல் பதிப்பு ஆண்டு, இப்போதைய பதிப்பு ஆண்டு, பதிப்பகத்தின் முகவரி, நூலுக்கான சர்வதேச அடையாள எண்ணாகிய ஐஎஸ்பிஎன் எல்லாம் அங்கே இருக்க வேண்டும். இந்திய நூல்களுக்கு அந்த எண் 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும். அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தால் அந்த நூலைக் கீழே வைத்துவிடலாம்.

இதே வியாபாரம் இணையத்தில் வேறு வேடத்தில் நடக்கிறது. பறவை, தோட்டம், பழைய மருத்துவம், ஊர் வரலாறு என்று தேடுபவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். காப்புரிமைக் காலம் முடிந்த பழைய நூலின் ஸ்கேன் இலவசமாகக் கிடைக்கும். அதை இறக்கி, சம்பந்தமில்லாத ஒரு படத்தை அட்டையாகப் போட்டு, நூற்றுக்கணக்கான ரூபாய்க்கு அச்சிட்டு அனுப்புகிறார்கள். பக்கங்கள் சாய்ந்திருக்கும், ஓரத்து எழுத்துகள் வெட்டுப்பட்டிருக்கும், ஏதோ ஒரு நூலகத்தின் முத்திரை பக்கத்தின் நடுவில் கறுப்பாகத் தெரியும். மடித்து வைத்த வரைபடம் மடித்தபடியே ஸ்கேன் ஆகியிருக்கும், அதாவது வரைபடமே இராது. இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் ஆனபின் அவர் நூலை யாரும் அச்சிடலாம், ஆகவே சட்டப்படி இவர்களைக் குறை சொல்ல வழியில்லை. அரசு உரிமையை வாங்கி நாட்டுடைமையாக்கிய நூல்களும் அப்படித்தான். அதனால்தான் ஒரே நூல் பத்துப் பதிப்பகங்களின் பெயரில் கிடைக்கிறது. சில பதிப்புகளில் அத்தியாயங்களைச் சுருக்கிவிட்டு, சுருக்கியதாகச் சொல்வதும் இல்லை. பழைய தமிழ் நூல் எதையும் வாங்குவதற்கு முன் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும், தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தர 1998 முதல் நடந்துவரும் மதுரைத் திட்டத்தையும், இன்டர்நெட் ஆர்க்கைவையும் பார்த்துவிடுங்கள். அங்கே இலவசமாக இருப்பதைச் சந்தா வாங்கிக்கொண்டு அனுப்பும் வாட்ஸ்அப் குழுக்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இனி தேடும் முறைக்கு வருகிறேன். இணையப் பட்டியல்கள் ஒரே பத்து நூல்களைக் காட்டுவது இயல்புதான், ஏனென்றால் அவை அதிகம் விற்றதை மேலும் விற்பதற்காகப் போடப்படுபவை. உங்களுக்கு வேண்டியது ஒரு பொருள் சார்ந்த நூல்கள் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் ஓர் இடம். அது நூலக அடுக்கு. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது. இன்னொன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. நூலை எண்ணிட்டு அடுக்குவது இதற்காகத்தான்.

பறவை நூல்களையே எடுத்துக்கொள்வோம். பெரிய நூலகங்கள் பலவற்றில் இருக்கும் டியூயி தசம முறை, பொருளுக்கு ஓர் எண் கொடுத்து நூல்களை அடுக்குகிறது. அதில் பறவைகளுக்கு உரிய எண் 598. பலர் அந்த அடுக்கைப் பார்த்துவிட்டு, நாலே நூல்தான் இருக்கிறது என்று திரும்பிவிடுகிறார்கள். சரணாலயங்களைப் பற்றிய நூல் 333.95-ல் இருக்கலாம், காட்டுயிர்ப் பாதுகாப்பு 639.9-ல் இருக்கலாம், பறவைகளைப் படம் எடுப்பது பற்றியது 778.9-ல் இருக்கும். ஒரே ஆர்வம் நான்கு அறைகளில் சிதறிக் கிடக்கிறது. எனவே 598-ல் உருப்படியான ஒரு நூலைப் பிடியுங்கள். அதன் கடைசிப் பக்கங்களில் உள்ள துணைநூற்பட்டியலைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல ஆசிரியர் தான் படித்த நூல்களை அங்கே வரிசையாகச் சொல்லியிருப்பார், அவரைவிட நம்பகமான பரிந்துரையாளர் வேறு யாரும் இல்லை. அந்தப் பட்டியலில் உள்ள மூன்று நூல்களை அடுத்துத் தேடுங்கள். மூன்றின் பட்டியலிலும் திரும்பத் திரும்ப வரும் பெயர் எதுவோ, அந்தத் துறையில் அதுதான் ஆதார நூல்.

வாங்கலாமா என்று முடிவெடுக்க ஓர் எளிய சோதனை உண்டு. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பறவையின் பக்கத்தைத் திறந்து படியுங்கள். குயிலையே பாருங்கள். ஆண் கறுப்பு, பெண் பழுப்பில் வெள்ளைப் புள்ளிகள். கறுப்புக் குயிலின் அழகான படத்தை மட்டும் போட்டுவிட்டுப் பெண்ணைப் பற்றிப் பேசாத கையேடு, நாளை குளத்தங்கரையில் நீங்கள் அறியாத பறவையின் முன் உங்களைத் தனியாக விட்டுவிடும். ஆண், பெண், இளம்பறவை என்று தனித்தனியாக விவரிக்கிறதா, இந்தியாவின் எந்தப் பகுதியில் எந்த மாதங்களில் காணலாம் என்று வரைபடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பியப் பறவைகளுக்கான கையேடுகள் அச்சில் கண்ணைப் பறிக்கும், கூந்தன்குளத்தில் அவற்றால் பெரிய பயன் இராது. மாடித்தோட்டம், சமையல் என்று எந்தப் பொழுதுபோக்குக்கும் இந்தச் சோதனை பொருந்தும். தெரிந்த பக்கத்தில் பிழை இருந்தால் தெரியாத பக்கங்களை நம்ப வேண்டாம்.

வேலைக்கான நூல்களில் ஆண்டுதான் எல்லாம். பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று வரி நூல் வாங்காதீர்கள். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததும் அதற்கு முந்தைய மதிப்புக் கூட்டு வரி நூல்கள் ஒரே நாளில் பழசாயின. 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியதும் அதற்கு முன் அச்சான விகிதப் பட்டியல்கள் பயனற்றுப் போயின. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்களே மாறிவிட்டன. 'புதிய பதிப்பு' என்று அட்டையில் ஒட்டி, உள்ளே பழைய பக்கங்களையே வைத்து விற்பவர்கள் இந்த மாற்றக் காலத்தில்தான் கிளம்புவார்கள். அட்டையில் இருக்கும் ஆண்டை நம்பாமல் முன்னுரையில் எந்தத் தேதி வரையிலான திருத்தங்கள் சேர்க்கப்பட்டுள்ளன என்று பாருங்கள்.

இதில் ஒரு விலக்கு இருக்கிறது. அதைக் கவனமாகப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் 'பழைய நூல் வேண்டாம்' என்று நான் சொன்னதை வைத்துக்கொண்டு அலுவலக அலமாரியைக் காலி செய்துவிடக் கூடாது. புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1-க்குப் பிந்தைய வருமானத்துக்கானது. 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்கான கணக்கை 2026 நடுவில் தாக்கல் செய்தாலும் அதற்குப் பழைய சட்டம்தான். தாக்கல் செய்யும் தேதியைப் பார்க்காதீர்கள், வருமானம் எந்த ஆண்டுக்குரியது என்று பாருங்கள். அதற்கும் முந்தைய ஆண்டுகளுக்கு இப்போது நோட்டீஸ் வந்தாலும், மேல்முறையீடு நடந்தாலும் அந்தந்த ஆண்டின் விதிகள்தான் பேசும். ஆகவே உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் 1961 சட்ட நூல்களை ஆண்டு குறித்துத் தனி அடுக்கில் வையுங்கள், எடைக்குப் போடாதீர்கள். புதிதாக வாங்குவதற்கு மட்டும்தான் என் தடை. வைத்திருப்பது வேறு, வாங்குவது வேறு. சட்டத்தின் மூலப்பாடம் வருமான வரித் துறை தளத்திலும், கணக்கியல் பாட நூல்கள் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தளத்திலும் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைப் பார்த்த பிறகு எந்த விளக்க நூலுக்குப் பணம் கொடுப்பது என்று முடிவு செய்யலாம்.

நாவல்களுக்கு மொழிபெயர்ப்பாளரைப் பின்தொடருங்கள், வேறு தந்திரம் வேண்டாம். வங்கத்திலிருந்து த.நா. குமாரசாமி, சு. கிருஷ்ணமூர்த்தி, மலையாளத்திலிருந்து குளச்சல் மு. யூசுப் போன்றவர்களின் பெயரைத் தேடினாலே ஒரு வரிசை நூல்கள் வந்து விழும். 1954-ல் தொடங்கிய சாகித்திய அகாதெமியும், 1957-ல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்டும் இந்திய மொழி நாவல்களைத் தமிழில் குறைந்த விலைக்குத் தந்திருக்கின்றன. டிரஸ்டின் 'ஆதான் பிரதான்' வரிசை முழுக்க இதற்காகவே வந்தது. இவ்வளவு நல்ல நூல்களை அச்சிட்டுவிட்டு ஊர்க் கடைகளுக்குக் கொண்டு சேர்க்க வழி செய்யாமல் இருப்பது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. நூலகத்தில் இவை தமிழ் நாவல் அடுக்கில் இராமல் மூல மொழியின் எண்ணில் இருக்கும். வங்கத்துக்கு 891.44, மலையாளத்துக்கு 894.812. சிறிய கிளை நூலகங்களில் எல்லாம் ஒன்றாகக் குவிந்திருக்கும், அங்கே பொறுமைதான் வழி.

நூலகத்துக்குப் போங்கள் என்று சொல்லும்போது சிலர் சலித்துக்கொள்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1948-லேயே பொது நூலகச் சட்டம் வந்தது. உங்கள் வீட்டுச் சொத்துவரியில் நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் நூலக வரியாகப் போகிறது, ரசீதில் பாருங்கள். அந்தப் பணத்தை வசூலிக்கும் உள்ளாட்சிகள் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு உரிய காலத்தில் செலுத்தாமல் நிலுவை வைப்பது நெடுநாள் புகார். இருக்கும் நூலையாவது எளிதாகத் தேட முடிகிறதா? தமிழ்த் தலைப்புகளை ஆங்கில எழுத்தில், ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக ஏற்றி வைத்த பட்டியல்களோடு நான் பல ஆண்டுகள் மல்லுக்கட்டியிருக்கிறேன். நூல் அடுக்கில் இருக்கும், கணினி இல்லை என்று சொல்லும். வாசகர் ஏமாந்து திரும்புவார். தமிழ் நூலைத் தமிழ் எழுத்தில் தேட முடியாத நிலையை யாரும் ஏற்றுக்கொள்ளக் கூடாது. இது சரியாகும் வரை கணினியின் பதிலோடு நிற்காமல் நூலகரிடம் பொருளைச் சொல்லிக் கேளுங்கள். 'நல்ல புத்தகம் இருக்கிறதா' என்று கேட்டால் அவரும் அதே பத்து நூல்களைத்தான் எடுத்துத் தருவார். 'நீர்ப்பறவைகள் பற்றி, தென்னிந்தியாவுக்குப் பொருந்துகிற மாதிரி' என்று கேளுங்கள்.

இல்லாத நூலை வாங்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பரிந்துரைப் பதிவேட்டில் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, விலை ஐந்தையும் எழுதுங்கள். 'பறவை நூல்கள் வாங்கவும்' என்று பொதுவாக எழுதினால் யாராலும் எதையும் வாங்க முடியாது. வாசகர் வட்டத்தில் இருக்கும் இரண்டு பேரின் கையெழுத்தும் சேர்ந்தால் அந்தக் கோரிக்கைக்குக் கனம் கூடும். எந்த நூலைக் கேட்பது என்று தெரியவில்லை என்றால், 2023 ஜூலையில் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் உங்களுக்குப் பக்கம்தான். ஒருநாள் காலையிலேயே போய், மேலே சொன்ன எண்களில் நின்று புரட்டிப் பார்த்து, பிடித்தவற்றின் பின்பக்க விவரங்களைக் குறித்து வாருங்கள். அந்த நூல்களைத் திருநெல்வேலி மாவட்ட மைய நூலகத்தில் முதலில் இரவலாகக் கேளுங்கள், இல்லையென்றால் பதிவேட்டில் எழுதுங்கள். இரவல் வாங்கிப் படித்து, மறுபடி மறுபடி தேவைப்படும் என்று தெரிந்த நூலை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள். ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குப் போவதாக இருந்தால் அதற்குள் உங்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கும். வழக்கமான பத்து சதவீதத் தள்ளுபடியும் கிடைக்கும். பட்டியலில் இருப்பதை வாங்கிவிட்டு, ஐந்து வாங்கினால் ஒன்று இலவசம் என்று கூவும் அரங்குகளைத் தாண்டி வந்துவிடுங்கள்.