படியேறினால் மூச்சு வாங்குகிறது: ஆஸ்துமாவா, இரும்புச்சத்துக் குறைவா?

கேள்வி: எனக்கு வயது 39. பல ஆண்டுகளாக ஆஸ்துமா இருக்கிறது. காலையும் இரவும் இன்ஹேலரைத் தவறாமல் எடுத்துக்கொள்கிறேன். சில மாதங்களாக மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. அவசரத்துக்கு வைத்திருக்கும் இன்ஹேலரை எடுத்தாலும் பலனில்லை, படபடப்புதான் கூடுகிறது. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8; ஃபெரிட்டின் 38, இது ‘இயல்பு’ என்று அறிக்கையில் இருக்கிறது. இரும்புச்சத்து குறைந்தால் ஆஸ்துமா முற்றும் என்கிறார் ஒருவர். இரும்பு மாத்திரை நுரையீரலுக்கு ஆகாது என்கிறார் இன்னொருவர். நான் என்ன செய்யட்டும், டாக்டர்?

பதில்: இருவர் பேச்சிலும் சிறிது உண்மை உண்டு. ஆனால் நீங்கள் படியில் மூச்சு வாங்குவதற்கு ஆஸ்துமாவைவிட ரத்தசோகையே காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்ஹேலர், சுருங்கிய மூச்சுக்குழாயை விரிக்கும்; ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்க ஹீமோகுளோபின் போதாவிட்டால் அதனால் ஒன்றும் செய்ய இயலாது. அந்தக் குறையை ஈடுகட்ட இதயம் ஏற்கெனவே வேகமாக அடித்துக்கொண்டிருக்கும். அவசர இன்ஹேலரில் வழக்கமாக இருக்கும் சால்பியூட்டமால் என்ற மருந்து அதை மேலும் முடுக்கிவிடும். நீங்கள் சொல்லும் படபடப்பு அதுவாக இருக்கலாம். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 98 காட்டினாலும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். வண்டிகளில் சரக்கு நிரம்பியிருக்கிறதா என்றுதான் அது பார்க்கும். எத்தனை வண்டிகள் ஓடுகின்றன என்று எண்ணாது.

இளைப்புச் சத்தம், இரவு இருமல், நெஞ்சு இறுக்கம் ஆகியவை கூடியிருந்தால் ஆஸ்துமாவுக்கும் பங்கு உண்டு. மூச்சை ஊதவைத்து அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை செய்தால் தெளிவாகிவிடும். இரண்டும் சேர்ந்தே இருக்கவும் கூடும் என்பதால், தினசரி இன்ஹேலரை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அடுத்தது அந்த ‘இயல்பு’. ஃபெரிட்டின் என்பது இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம். உடலில் அழற்சியோ தொற்றோ இருந்தால், இருப்பு குறைவாக இருக்கும்போதும் அதன் அளவு ஏறிவிடும். அப்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகம் சுரந்து, இரும்பைச் செல்களுக்குள்ளேயே பூட்டிவைக்கிறது. குடல் உறிஞ்சுவதையும் தடுக்கிறது. அதனால்தான் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 15-க்குக் கீழ் குறைவு என்று வைத்த உலக சுகாதார நிறுவனம், தொற்றோ அழற்சியோ உள்ளவர்களுக்கு 70 என்று எல்லையை உயர்த்தியது. ரத்தசோகையும் மிகுந்த மாதவிடாய்ப் போக்கும் உள்ள உங்களுக்கு 38 என்பதை நான் இயல்பு என்று ஏற்கமாட்டேன். டிரான்ஸ்ஃபெரின் செறிவும் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது) சி.ஆர்.பி.யும் (அழற்சியைக் காட்டும் பரிசோதனை) சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த இருவரின் வாதத்துக்கு வருவோம். இரும்பிருப்பு குறைந்த பெண்களிடையே ஆஸ்துமா கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அது தொடர்புதான், காரணம் என்று சொல்லிவிட முடியாது. எலிகளில் இரும்பு கொடுத்தபோது ஒவ்வாமை அழற்சி தணிந்ததும் உண்டு. மூச்சுக்குழாய்ச் செல்களில் இரும்பு மிகுந்தபோது சளியும் திசுத் தடிப்பும் கூடியதும் உண்டு. கட்டுப்படாத இரும்பு, திசுவை அரிக்கும் ஆக்ஸிஜன் மூலக்கூறுகளை உண்டாக்கும். கிருமிகளும் அதைத் தேடி உண்ணும். நுரையீரல் அதனால்தான் லாக்டோஃபெரின் போன்ற புரதங்களால் இரும்பைப் பிடித்துவைக்கிறது. மிகையை வெளியேற்றத் தனி வழி எதுவும் உடலுக்கு இல்லை. ஆகவே, குறைவு உறுதியானால் மட்டும் மாத்திரை. அது ரத்தசோகைக்கான மருந்து; ஆஸ்துமாவுக்கானது அல்ல.

மாத்திரையை மருத்துவர் சொல்லும் அளவில், நாளுக்கு ஒரு முறையோ ஒருநாள் விட்டு ஒருநாளோ எடுக்கலாம். ஒரு வேளை மாத்திரைக்குப் பிறகு ஹெப்சிடின் சுமார் ஒரு நாள் உயர்ந்திருக்கும். அதற்குள் அடுத்ததைப் போட்டால் சரியாக உறிஞ்சப்படாது. தேநீர், காபி, கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்க்காதீர்கள். நெஞ்செரிச்சலுக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எடுத்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். இரும்பு மாத்திரையை நிமிர்ந்து உட்கார்ந்து, நிறையத் தண்ணீருடன் விழுங்க வேண்டும். மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால் அங்கே புண்ணாக்கிவிடும். அபூர்வம்தான். ஆனால் ‘நுரையீரலுக்கு ஆகாது’ என்பது நேரடியாகப் பொருந்துவது இந்த ஒரு சந்தர்ப்பத்தில்தான்!

ரத்தப்போக்குக்கு மகளிர் மருத்துவரைப் பாருங்கள். அதை அடைக்காமல் மாத்திரையை மட்டும் விழுங்குவது வீண் வேலை. மூன்று, நான்கு வாரங்களில் ஹீமோகுளோபின் ஏறவில்லையென்றால் வயிற்றுப் பரிசோதனையும் தேவைப்படலாம். ஏறிவிட்டாலும் இருப்பு நிரம்ப இன்னும் சில மாதங்கள் தொடர வேண்டியிருக்கும். ஓய்வில் இருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் ரத்தக்குழாய் வழியாக இரும்பு ஏற்றும் நிலை வந்தால், ஆஸ்துமா இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அதனால் ஒவ்வாமை வரும் வாய்ப்பு சற்று அதிகம். அவசர சிகிச்சை வசதியுள்ள இடத்தில்தான் அதை ஏற்றிக்கொள்ள வேண்டும்; முடிந்த பிறகும் குறைந்தது 30 நிமிடங்கள் அங்கேயே இருங்கள்.