வாசகர் கேள்வி: சிப் விழிக்க எவ்வளவு நேரம்?

கேள்வி: என் ஆர்ட்டிக்ஸ்-7 35டி போர்டில் பவர் கொடுத்து 6 விநாடி கழித்துத்தான் விளக்கு எரிகிறது. இதை முன்கூட்டியே கணக்கிட முடியுமா ஐயா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: முடியும் தம்பி. பினாங்கு பாயான் லெப்பாஸில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதே 6 விநாடியோடு மல்லுக்கட்டியவன்தான். ஆர்ட்டிக்ஸ்-7 ஒரு எஃப்பிஜிஏ (FPGA), அதாவது நாம் வடிவமைக்கும் சுற்றை ஏற்றிக்கொள்ளும் சிப். பவர் போனால் அதை மறந்துவிடும்; பவர் வரும்போதெல்லாம் பக்கத்திலுள்ள ஃபிளாஷ் நினைவகத்திலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். உங்கள் சிப்புக்குள் ஏற வேண்டியது 1,75,36,096 பிட். நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் ஃபிளாஷிலிருந்து ஒரே கம்பி வழியாக, 3 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில், ஒரு துடிப்புக்கு ஒரு பிட் வரும். வகுத்துப் பாருங்கள், 5.8 விநாடி. நாலு கம்பி, 33 மெகாஹெர்ட்ஸ் என்று மாற்றினால் 133 மில்லிவிநாடிதான்!

ஆனால் அந்த எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். அந்தத் துடிப்பைத் தரும் கடிகாரம் சிப்புக்குள்ளேயே இருப்பது. 50 சதவீதம் வரை பிசகலாம். மெதுவான சிப் கிடைத்தால் 133 என்பது 266 மில்லிவிநாடி ஆகிவிடும். பவர் வந்ததும் சிப் தன் நினைவகத்தைத் துடைத்துத் தயாராக 50 மில்லிவிநாடி வரை தனியாகச் சேருங்கள். நேரம் கறாராக வேண்டுமென்றால் வெளிக் கடிகாரம் கொடுங்கள். அப்புறம், ஆசிலாஸ்கோப் முனையை, ஏற்றி முடிந்ததைக் காட்டும் டன் (DONE) பின்னில் வைத்து ஒருமுறை அளந்துவிடுங்கள்.